சுவருக்குள் புதைந்த ஃப்ளஷ் தொட்டி: கசிவை நிறுத்திய வரிசை

தண்ணீர் நின்றுவிட்டது. ஒரு டைல்ஸ்கூட உடைக்கவில்லை. புதிதாகப் போட்டது ஒரே ஒரு ரப்பர் சீல். மற்றதெல்லாம் சுத்தம் செய்ததும் அளவு திருத்தியதும்தான். ஆனாலும் கோளாறு ஒன்றல்ல, மூன்று. ஒன்றைச் சரி செய்த பிறகுதான் இன்னொன்று தலைகாட்டியது. அதனால் செய்த வரிசையிலேயே எழுதிவைக்கிறோம்.

சுவரில் தொங்கும் க்ளோசெட். அதன் பின்னால் புதைத்த பிளாஸ்டிக் கன்சீல்டு தொட்டி. முன்னால் இரட்டைப் பட்டன் வைத்த பிளேட். பட்டனை அழுத்தினால் பின்னாலிருக்கும் தண்டு உள்ளே போய் லிஃப்டரைத் தள்ளும். லிஃப்டர் தொட்டியின் அடியில் இருக்கும் ஃப்ளஷ் வால்வைத் தூக்கும்; மற்ற நேரம் அந்த வால்வின் ரப்பர் சீல்தான் தண்ணீரை அடைத்து நிற்கும். அந்த வகை. கோளாறின் அடையாளம் இரண்டு: கோப்பையின் பின்பக்கம் எப்போதும் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம், யாரும் தொடாமலே அவ்வப்போது தொட்டி நிரம்பும் சத்தம், சில வினாடி கேட்டுவிட்டு அடங்கும்.

அந்தச் சத்தத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. விட்டுவிட்டு வந்தால் தண்ணீர் அடியில் கசிகிறது. மட்டம் குறைந்ததும் ஃபில் வால்வ் திறந்து நிரப்பி மூடுகிறது. நிற்காமல் ஒரே சீராக இரைந்தால் ஃபில் வால்வே மூடவில்லை; மட்டம் மீறும் தண்ணீரைக் கோப்பைக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் வழிந்து போகிறது. இங்கே முதலில் இருந்தது முதல் வகை. பாதி வேலையில் இரண்டாவது வகையும் வந்து சேர்ந்தது.

எடுத்து வைத்தவை: தலையில் மாட்டும் டார்ச் (கையில் பிடிக்கும் டார்ச் இந்த வேலைக்கு உதவாது, இரண்டு கையும் உள்ளே இருக்கும்), கேமரா உள்ள போன், சிறிய தட்டை ஸ்க்ரூ டிரைவர், நீள மூக்குக் குறடு, சின்ன ஸ்பேனர், ஸ்பாஞ்சு, பழைய டூத் பிரஷ், மெல்லிய ஊசி, அளவுகோல், பென்சில், சிட்ரிக் ஆசிட் தூள், சிலிக்கான் கிரீஸ், நூல் கட்டிய ஒரு துணி. நூல் எதற்கென்று பிறகு வரும். கையுறையும் வேண்டும், டைல்ஸ் வெட்டிய விளிம்பு திறப்பைச் சுற்றிலும் கத்தி மாதிரி இருக்கும்.

பிளேட்டைக் கழற்றுதல்

பிளேட்டைச் சுற்றி யாரோ சிலிக்கான் பூசியிருந்தார்கள். பூசவே கூடாது, அது திறந்து மூட வேண்டிய கதவு. பிளேடால் கீறி எடுத்த பிறகு கீழ் விளிம்பைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளி வெளியே இழுத்ததும் வந்துவிட்டது. சில பிளேட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்து வரும். சிலவற்றில் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ மறைந்திருக்கும். அசையாத பிளேட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளேட்டோடு டைல்ஸும் போகும்.

அடுத்து, பிளேட்டைத் தாங்கும் சட்டம். இரண்டு பக்கமும் நீண்ட பிளாஸ்டிக் போல்ட். அதன் பின்னால் உள்மூடி. கொக்கியை அழுத்தினால் வரும். இரண்டு தள்ளுதண்டுகளும் சட்டத்தோடேயே வந்தன. வெளியே எடுத்ததும் ஒவ்வொரு தண்டும் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து, மரையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டோம். எது முழு ஃப்ளஷ், எது பாதி ஃப்ளஷ் என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

கையை உள்ளே விடுவதற்கு மிஞ்சிய திறப்பு 21 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். ஒரு கைக்குத் தாராளம், இரண்டு கைக்குச் சிரமம்.

அளந்து பார்த்தது

இந்தக் கட்டத்தில் எல்லோரும் நேராக சீலை மாற்றத்தான் போவார்கள். அதற்கு முன் கால் மணி நேரம் அளவெடுக்கச் செலவழித்தால், எந்தப் பாகம் குற்றவாளி என்று தொட்டியே சொல்லிவிடும்.

தொட்டிக்குள் இருக்கும் ஸ்டாப் வால்வை மூடினோம். அது இறுகியிருந்தால் முறுக்கிப் பார்க்கவே வேண்டாம். குளியலறைக்கு வரும் லைனையே அடைத்துவிடலாம். தண்ணீர் மட்டம் ஓவர்ஃப்ளோ வாய்க்கு 25 மி.மீ. கீழே இருந்தது. அப்படியானால் வழிவது அல்ல, அடியில் கசிவதுதான். மட்டத்தில் பென்சில் கோடு. சட்டம், தண்டு, பிளேட் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி 10 நிமிடம் கழித்துப் பார்த்தால் 11 மி.மீ. இறங்கியிருந்தது. தொட்டியின் உள்நீளம் 42 செ.மீ., முன்பின் ஆழம் 9 செ.மீ.; ஆக 378 சதுர செ.மீ. ஒரு மி.மீ. இறங்கினால் சுமார் 38 மி.லி. போகிறது. 11 மி.மீ. என்றால் ஏறக்குறைய 416 மி.லி. ஒரு நாளைக்கு அதுவே 60 லிட்டர். நூல் போலத் தெரிந்த தண்ணீர் இது.

அடுத்து ஸ்டாப் வால்வைத் திறந்து பழைய கோடு வரை நிரப்பி, மறுபடி மூடி, இந்த முறை பிளேட்டும் தண்டும் இல்லாமல் 10 நிமிடம். இறங்கியது 6 மி.மீ. மட்டுமே. மட்டம் குறையக் குறைய அழுத்தமும் குறைந்து கசிவு மெதுவாகும் என்பதால் ஒவ்வொரு தடவையும் அதே கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு அளவையும் ஒப்பிட முடியாது.

பிளேட்டை எடுத்ததும் கசிவு பாதியானது எதைக் காட்டுகிறது? பட்டனைத் தொடாதபோதும் தண்டு லிஃப்டரை அழுத்திக்கொண்டிருக்கிறது. லிஃப்டர் வால்வை மயிரிழை அளவு தூக்கியே வைத்திருக்கிறது. மீதி 6 மி.மீ. சீலின் கணக்கு. பிளேட்டை எடுத்ததும் கசிவு முழுக்க நின்றிருந்தால், வால்வைத் தொடாமல் தண்டை மட்டும் திருகிக் குறைத்து வேலையை முடித்திருக்கலாம்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. மட்டம் ஓரிடம் வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் சீல் நன்றாக இருக்கிறது என்று பொருள். அந்த உயரத்தில் ஓவர்ஃப்ளோ குழாயில் விரிசலோ, இணைப்பில் தளர்வோ இருக்கும். அதற்கு எந்த சீலை மாற்றினாலும் பயனில்லை. இங்கே மட்டம் நிற்காமல் இறங்கியது.

வால்வை வெளியே எடுத்தல்

முழு ஃப்ளஷ்ஷை இயக்கித் தொட்டியைக் காலி செய்தோம். கழற்றும் வரிசையை இடமே முடிவு செய்துவிடும்: முதலில் லிஃப்டர் கட்டை, அடுத்து ஃபில் வால்வ், கடைசியில் ஃப்ளஷ் வால்வ். ஒவ்வொன்றுக்கும் முன் போனை உள்ளே விட்டு ஒரு படம். லிஃப்டர் இரண்டு பக்கக் கொக்கிகளை அழுத்தினால் முன்னால் வரும். ஃபில் வால்வின் பிளாஸ்டிக் நட்டைக் கையாலேயே கழற்றலாம். ஸ்பேனர் போட்டால் நட்டுதான் கீறும். ஹோஸ் முனையில் உள்ள தட்டை வாஷர் கழன்று விழும், அதைப் பிடித்து வைக்க வேண்டும்.

ஃப்ளஷ் வால்வை ஒரு கவ்வி பிடித்திருந்தது. அதன் இரண்டு காலையும் உள்நோக்கி அழுத்தி மேலே இழுத்ததும் வால்வ் தளர்ந்தது. வேறு மாடல்களில் கால் சுற்றுத் திருப்பினால் வரும். வால்வின் உயரம் திறப்பைவிடப் பெரியது, நேராக வராது. மேல்பாகத்தை அடிப்பாகத்திலிருந்து பிரித்து, சாய்த்து எடுக்க வேண்டியிருந்தது. இங்கே பலம் காட்டினால் ஓவர்ஃப்ளோ குழாய் முறியும். முறிந்தால் சீலோடு போயிருக்க வேண்டிய செலவு முழு வால்வ் செட்டுக்குப் போய்விடும்.

வால்வ் வெளியே வந்ததும் தொட்டியின் அடியில் ஒரு ஓட்டை திறந்து கிடக்கும். கை தவறி விழும் ஸ்க்ரூவோ வாஷரோ நேராக ஃப்ளஷ் பைப்புக்குள் போகும். நூல் கட்டிய துணி இதற்குத்தான்: ஓட்டையில் செருகிவிட்டு நூலின் மறுமுனையை வெளியே டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். நூல் இல்லாத துணி, மறந்தால் அதுவே அடைப்பு.

சீல்

கையில் வந்த சீல் வெளி விட்டம் 63 மி.மீ., உள் விட்டம் 32 மி.மீ. பரவலாகக் கிடைக்கும் அளவுதான். மேலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. திருப்பிப் பார்த்தால் வால்வ் உட்காரும் விளிம்பின் அச்சு வட்டமாக, அரை மி.மீ. ஆழத்துக்குப் பதிந்திருந்தது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஓரிடத்தில் வெள்ளையாக உப்புத் துகள் ஒட்டி, ரப்பரை நகம் அளவுக்குத் தூக்கியிருந்தது. விரலால் தேய்த்தால் கருப்பு கையில் ஒட்டியது. கருப்பு ஒட்டும் ரப்பர் முடிந்துபோன ரப்பர். தொட்டிக்குள் போடும் குளோரின் மாத்திரை இதை விரைவாக்கும். வாசனைக்காக அதைப் போடுகிறவர்கள் சீலுக்கும் சேர்த்துச் செலவழிக்கிறார்கள்.

சீலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலே போதும் என்று ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பக்கமும் தட்டையாக இருந்ததால் அதையும் செய்து அளந்தோம்: 10 நிமிடத்தில் மட்டம் 2 மி.மீ. மட்டுமே இறங்கியது, ஆனால் கசிவு நிற்கவில்லை. புது சீல் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க அது சரி. ஒரு பக்கம் உதடு வைத்த சீல் என்றால் திருப்பவே கூடாது.

சீல் வாங்கும்போது கண் மதிப்பு வேண்டாம். உள், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் அளந்து, பழையதையும் கையில் கொண்டுபோவது நல்லது. இறுகிப்போன பழைய ரப்பரின் தடிமன் புதியதைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மாடல் பெயர் தெரிந்தால் இன்னும் எளிது. ஜெபரிட் நிறுவனத்தில் சிக்மா, ஒமேகா, டெல்டா என்று தனித்தனித் தொடர்கள் இருப்பது போல மற்றவர்களுக்கும் உண்டு. நிறுவனம் ஒன்றே என்பதற்காக பாகம் பொருந்திவிடாது.

புது சீலை மாட்டும் முன் அது உட்காரும் இடம். டார்ச் வெளிச்சத்தில் பளபளப்பாகத்தான் தெரிந்தது. விரல் நுனியை வட்டமாக ஓட்டியபோதுதான் மணல்தாள் போலச் சொரசொரப்பு தட்டியது. கண்ணை நம்பி விட்டிருந்தால் புது சீலிலும் கசிந்திருக்கும். வெதுவெதுப்பான ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, அதில் துணியை நனைத்து விளிம்பின் மேல் வைத்து அரை மணி நேரம் விட்டோம். பிறகு டூத் பிரஷ். கம்பி நாரும் உப்புத்தாளும் வேண்டாம். அவை போடும் கீறல் வழியாகத் தண்ணீர் போகும், அந்தக் கீறலை மாற்ற முடியாது. வால்வின் பிளாஸ்டிக் பாகங்களை அதே கரைசலில் ஊறப்போட்டுக் கழுவலாம்.

புது சீலைத் தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் பள்ளத்தில் சுற்றிலும் அமர்த்தினோம். கிரீஸ் தேவையில்லை. வாஸ்லின், எந்திர எண்ணெய் இரண்டும் பட்டால் இந்த வகை ரப்பர் ஊதிவிடும். துணியை எடுத்துவிட்டு, கழற்றியதற்கு நேர் எதிர் வரிசையில் எல்லாவற்றையும் மாட்டினோம். கவ்வி இரண்டு பக்கமும் "டிக்" என்று விழுந்ததா என்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் வால்வ் சாய்ந்து உட்காரும், புது சீலும் கசியும்.

தண்ணீரைத் திறந்ததும் வந்த இரண்டாவது கோளாறு

ஸ்டாப் வால்வைத் திறந்தோம். தொட்டி நிரம்பியது, கோட்டைத் தாண்டியது, ஓவர்ஃப்ளோ வாயைத் தொட்டு உள்ளே வழிந்தது. கோப்பையில் பழையபடி தண்ணீர். இந்த இடத்தில்தான் நல்ல சீலைக் கழற்றிக் குறை தேட மனம் போகும். டார்ச் அடித்து ஓவர்ஃப்ளோ வாயைப் பார்த்தாலே தெரியும்: தண்ணீர் மேலிருந்து போகிறது, கீழே இருந்து அல்ல. சீலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

லைனை அடைத்துத் திறந்ததில் குழாயில் படிந்திருந்த துகள் கிளம்பி ஃபில் வால்வுக்குள் போயிருந்தது. மிதவையைக் கையால் மேலே தூக்கிப் பிடித்தும் தண்ணீர் நிற்கவில்லை. நின்றிருந்தால் மிதவையின் உயரத்தைத் திருத்தினால் போதும்; நிற்காவிட்டால் கோளாறு டயாஃப்ரத்தில், அதாவது வால்வுக்குள் இருக்கும் ரப்பர்த் தகட்டில்.

மறுபடி ஸ்டாப் வால்வை மூடி, ஃபில் வால்வைக் கழற்றி, தலைமூடியைக் கால் சுற்றுத் திருப்பினால் உள்ளே நாணயம் அளவில் ஒரு ரப்பர்த் தகடு. அதில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளை வழியே தண்ணீர் தகட்டின் பின்பக்கம் போய் அழுத்தினால்தான் வால்வ் மூடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை தெரியவே இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு துகள் அதில் சரியாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. ஊசியால் பின்பக்கத்திலிருந்து லேசாகத் தள்ளியதும் வெளியே வந்தது. குத்திப் பெரிதாக்கிவிடக் கூடாது, அந்த அளவை நம்பித்தான் முழு வால்வும் வேலை செய்கிறது. மேலே மிதவைக் கை மூடித் திறக்கும் இன்னொரு சின்னத் துளை இருக்கிறது; அது அடைத்தால் நேர் எதிராக, தொட்டி நிரம்பவே நிரம்பாது.

நுழைவாயில் இருந்த வலை வடிகட்டியையும் உருவிக் கழுவினோம். பிறகு ஃபில் வால்வை மாட்டும் முன், ஹோஸ் முனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டாப் வால்வைச் சில வினாடி திறந்தோம். முதலில் கலங்கல், அடுத்து தெளிவு. அந்தக் கலங்கல்தான் முந்தைய சுற்றில் டயாஃப்ரத்துக்குள் போனது. மூடியின் ரப்பர் வளையத்தில் மட்டும் சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி.

மாட்டித் திறந்ததும் ஓவர்ஃப்ளோ வாய்க்கு 25 மி.மீ. கீழே, பழைய கோட்டில் தண்ணீர் நின்றது. மிதவையைத் தொடவே தேவைப்படவில்லை.

தண்டு, கடைசியில்

தண்டின் நீளத்தை இதற்கு முன் திருத்தியிருந்தால் அது வீண் வேலை. காரணம் இதுதான்: சீல் அமுங்க அமுங்க வால்வ் கீழே இறங்கும், வால்வின் கொக்கியும் அதோடு இறங்கி லிஃப்டரின் மேல் உட்காரும். முதலில் இருந்த இடைவெளி காணாமல் போகும். புது சீல் போட்டதும் வால்வ் மறுபடி உயர்ந்து இடைவெளி கொஞ்சம் திரும்பி வரும். பழைய சீலுக்கு ஏற்றபடி தண்டைக் குறைத்தால், புது சீலில் அது எட்டாமல் பாதி ஃப்ளஷ் வேலை செய்யாது.

பழைய கோட்டின் நீளத்திலேயே பிளேட்டை மாட்டி விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தோம். பட்டன் தடை இல்லாமல் 1 முதல் 2 மி.மீ. போக வேண்டும், பிறகுதான் கனம் தெரிய வேண்டும். பாதி ஃப்ளஷ் சரியாக இருந்தது. முழு ஃப்ளஷ்ஷில் அரை மி.மீ.கூட இல்லை; தொடக்கத்திலேயே நீளமாகப் பொருத்தியிருக்கிறார்கள். தண்டை ஒரு முழுச் சுற்றுத் திருகிக் குறைத்ததும் ஒன்றரை மி.மீ. கிடைத்தது. பட்டனைச் சுற்றியிருந்த சோப்பு, உப்புப் படிவையும் டூத் பிரஷ்ஷால் எடுத்தோம். பட்டன் சிக்கி முழுதாகத் திரும்பாவிட்டால் தண்டு சரியாக இருந்தும் அதே கசிவு வரும்.

தண்டே இல்லாத தொட்டிகளுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. குரோஹே நிறுவனத்தின் பல மாடல்களில் பட்டன் காற்றைத் தள்ளும், மெல்லிய குழாய் வழியாக அது வால்வைத் தூக்கும். அங்கே பார்க்க வேண்டியது குழாய் கழன்றிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்பது. கேபிள் வகையில் கேபிளின் தளர்வு.

சோதனை

ஸ்டாப் வால்வை மூடி, பிளேட் மாட்டிய நிலையில் இரவு முழுக்க விட்டோம். காலையில் மட்டம் கோட்டிலேயே. கூடவே தொட்டிக்குள் உணவு நிறமி சில துளி விட்டிருந்தோம், கோப்பையில் நிறம் இறங்கவில்லை. கோப்பையின் பின்சுவரைத் துடைத்துவிட்டு ஒட்டிய டிஷ்யூ பேப்பரும் உலர்ந்தே இருந்தது. மூன்றில் நம்பகமானது பென்சில் கோடுதான். பிறகு ஸ்டாப் வால்வைத் திறந்து, நிரம்பும் சத்தம் தானாக வருகிறதா என்று ஒரு மணி நேரம் கவனித்தோம். வரவில்லை.

ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் சுவரின் அடியிலோ கோப்பைக்குப் பின்னாலோ ஈரம் வந்தால் இந்த வேலை எதுவும் அதற்குத் தீர்வல்ல. அது ஃப்ளஷ் பைப் கோப்பையோடு சேரும் ரப்பர் இணைப்பு. க்ளோசெட்டைச் சுவரிலிருந்து இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை

சீலோடு சேர்த்து ஃபில் வால்வின் டயாஃப்ரத்தையும் வாங்கிவைத்துக்கொண்டுதான் தொட்டியைத் திறப்போம். இரண்டும் சிறிய செலவு. ஒரே தண்ணீரில் ஒரே காலம் ஊறியவை, ஒன்று போனால் மற்றதும் நெருங்கியிருக்கும். முழு ஃப்ளஷ் வால்வ் செட் அதைப் போலப் பல மடங்கு. உடல் விரிசல் விட்டோ கொக்கி முறிந்தோ இருந்தால் தவிர அதற்குப் போக வேண்டியதில்லை. ஹோஸ் முனையைப் பாட்டிலில் விட்டுக் கழுவுவதை முதல் தடவை தண்ணீர் திறக்கும்போதே செய்வோம். இரண்டாவது கோளாறு முழுவதையும் அது தவிர்த்திருக்கும்.

உள்மூடியின் உட்புறத்தில் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதியவை: தொட்டியின் மாடல், சீலின் அளவு 63 × 32, மாற்றிய மாதமும் ஆண்டும், இரண்டு தண்டுகளும் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம், ஸ்டாப் வால்வ் எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்ற ஒரு அம்புக்குறி.